போயா தினத்துக்கு ஐந்து பகுதிகள்: வந்து போகும் நடிகர்களுக்காக மட்டும்

உப்புவெளி வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். வரும் போயா விடுமுறைக்கு ரியூஷன் மாடி மண்டபம் நமக்குக் கிடைத்துவிட்டது. புரொஜெக்டர் இருக்கிறது, பின்னேரம் 3 மணியிலிருந்து இரவு 8 வரை இருக்கலாம். விஞ்ஞானக் கதைத் தொடர்களிலிருந்து ஐந்து பகுதிகள் போட நேரம் போதும்.

இந்தமுறை எனக்கு ஒரு ஆசை. கதாநாயகனுக்காக எதையும் தெரிவு செய்யக்கூடாது. ஒரு பகுதிக்கு மட்டும் வந்தவர், அல்லது இடைக்கிடை வந்து போனவர், அவருக்காகத்தான் அந்தப் பகுதியைப் போடவேண்டும்.

ஏன் என்றால், ஸ்டார் ட்ரெக்கின் கப்டன் கேர்க் வாராவாரம் வருகிற முகம், அவரை நம்புவதில் நமக்குக் கஷ்டமில்லை. ஆனால் இன்றைக்கு மட்டும் வருகிற ஒரு வேற்றுக்கிரகவாசி தன் ஊர், தன் சட்டம், தன் பகை எல்லாவற்றையும் 45 நிமிடத்துக்குள் நம் முன்னால் கொண்டுவந்து வைக்கவேண்டும். குடும்ப நாடகத்தில் பக்கத்து வீட்டு மாமியாக வருகிறவருக்கு அந்தச் சுமை இல்லை. பக்கத்து வீடு எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். ரொமுலன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் வீடு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்த நடிகர் நிற்கிற நிலையில், பேசுகிற விதத்தில்தான் அது தெரியவேண்டும். ஒரு தொடரின் உலகத்தை நாம் நம்புவது இவர்களால்தான் என்பது என் உறுதியான எண்ணம். பெயர் மட்டும் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பரிந்துரைக்கிறவர்கள் தயவுசெய்து "நன்றாக நடித்தார்" என்று மட்டும் எழுதவேண்டாம். எந்த இடத்தில் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

துறைமுகத்தான்:
பிள்ளை, முதல் இடத்துக்கு நான் துண்டு போட்டுவிட்டேன். மார்க் லெனார்ட். ஸ்டார் ட்ரெக் முதல் தொடரில் 'பலன்ஸ் ஒஃப் டெரர்', 1966 டிசம்பரில் வந்தது.

ரொமுலன்கள் திரையில் தோன்றிய முதல் பகுதி அதுதான். அவர்கள் யார், எப்படி வாழ்கிறார்கள் என்று அதுவரை எவருக்கும் தெரியாது. லெனார்ட் அவர்களின் கப்பல் தளபதி. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து வரும் கப்பல். கேர்க்கின் கப்பல் அதைத் தேடுகிறது. நீர்மூழ்கிச் சண்டையை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சத்தம் போடாமல் காத்திருப்பார்கள். துறைமுகத்தில் வேலை செய்த எனக்கு அந்தக் காத்திருப்பு நன்றாகப் பிடிபடும்.

இப்போது லெனார்ட் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்தக் கப்பலின் கட்டளை அறை மிகச் சின்னது. நாலு பேர் நின்றால் முட்டும். அந்த இடத்துக்குள் அவர் கையைக்கூட அதிகம் அசைப்பதில்லை. களைத்த மனிதன். போர் வேண்டாம் என்று உள்ளுக்குள் நினைக்கிறவன், ஆனால் கட்டளையை மீறத் தெரியாதவன். பழைய தோழனான மூத்த அதிகாரி ஒருவர் இவரைக் காப்பாற்றப் போய் இடிபாட்டில் அடிபட்டுச் சாகிறார். அந்த உடலையே குப்பையோடு சேர்த்து வெளியே தள்ளி, எதிரியை ஏமாற்றவேண்டிய நிலை வருகிறது. கட்டளை கொடுக்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். அழுகை இல்லை, ஆத்திரம் இல்லை. ஒரு கணம் தாமதம், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தில் ரொமுலன் இனம் முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது: கடமை பெரிது, நட்பும் பெரிது, இரண்டும் மோதினால் கடமை வெல்லும்.

கடைசியில் கேர்க்கைத் திரையில் பார்த்து, வேறொரு நிலைமையில் நாம் நண்பர்களாக இருந்திருக்கலாம் என்ற கருத்தில் சொல்லிவிட்டுத் தன் கப்பலைத் தானே அழிக்கிறார். கேர்க்குக்கு அங்கே வெற்றி இருக்கிறது, சந்தோஷம் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் அந்த ஒருநாள் நடிகர்.

ரொறன்ரோ திருமலையான்:
அண்ணை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அதே லெனார்ட் அடுத்த வருடம் கேர்க்கின் வல்கன் அதிகாரியான ஸ்பொக்கின் தகப்பன் சாரெக்காக வந்தார், 'ஜேர்னி டு பேபல்', 1967. பிறகு 1979 ஸ்டார் ட்ரெக் படத்தில் க்ளிங்கன் கப்டன். ரொமுலன், வல்கன், க்ளிங்கன் மூன்று இனமாகவும் நடித்த முதல் ஆள் அவர்தான்.

லெனார்ட் பிறந்தது 1924, ஸ்பொக்காக நடித்த லெனார்ட் நிமோய் பிறந்தது 1931. ஏழு வயதுகூட வித்தியாசம் இல்லாத இருவர் தகப்பனும் மகனுமாக நிற்கிறார்கள், நமக்குச் சந்தேகமே வருவதில்லை. தலைமயிரில் போட்ட நரை மட்டும் அதைச் செய்யாது. மகனைப் பார்க்காமல் மகனைப் பற்றிப் பேசுகிற ஒரு தகப்பனை அவர் செய்துகாட்டுகிறார். எங்கள் வீடுகளில் அந்தத் தகப்பன்மார் நிறையப் பேர்.

23 வருடம் கழித்து, 1990இல், ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் திரும்ப வந்தார். பகுதியின் பெயரே 'சாரெக்'. வல்கன்கள் உணர்ச்சியை அடக்கி வாழ்கிற இனம். இவர் முதுமை நோயால் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தமுடியாமல் போகிற வல்கன். கச்சேரியில் இசை கேட்டுக்கொண்டு இருக்கும்போது கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் இறங்கும். வேறு யார் அழுதாலும் அது அழுகை. இவர் அழுதால் ஒரு மனிதன் உடைந்துபோனது தெரிகிறது, ஏனென்றால் அழாத சாரெக்கை நாம் முன்னமே பார்த்திருக்கிறோம். எனக்கு இந்தப் பகுதிதான் வேண்டும்.

கன்னியா மாணவன்:
அக்கா, ஒரு சந்தேகம். லெனார்ட் சாரெக்காகப் பலமுறை வந்திருக்கிறார், அப்போது அவர் விருந்தினரா, துணை நடிகரா? கோட்டை எங்கே போடுவது? இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் கராக்காக வருகிறவர் முதல் சீசனிலிருந்து கடைசி வரை வருகிறாரே.

ரொறன்ரோ திருமலையான்:
தம்பி, அமெரிக்கத் தொடர்களில் இது ஒப்பந்த விஷயம். தொடக்க எழுத்துகளில் பெயர் வருகிறவர்கள் நிரந்தரக் குழு. 'விருந்தினர்' என்று பெயர் வருகிறவர்கள் பகுதிக்குப் பகுதி கூப்பிடப்படுகிறவர்கள். கராக்காக நடித்த ஆண்ட்ரூ ரொபின்சன் 1993 முதல் 1999 வரை வந்தும் கடைசி வரை விருந்தினர் பட்டியலில்தான் இருந்தார். டயானா மல்டோர் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டாம் சீசன் முழுவதும் கப்பலின் டொக்டர், ஆனாலும் அவர் பெயர் சிறப்புத் தோற்றம் என்றுதான் போகும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருதில் விருந்தினர் பிரிவுக்குப் போகவேண்டுமென்றால் அந்த சீசனின் பகுதிகளில் பாதிக்கும் குறைவாக வந்திருக்கவேண்டும். அந்த விதி 2015இல் வந்தது.

அதற்கும் கீழே வசனமில்லாதவர்கள். வசனம் இல்லாமல் பின்னால் நடமாடுகிறவருக்கு ஒரு சம்பளம். ஒரு வரி கொடுத்துவிட்டால் நடிகர் சங்க விதிப்படி சம்பளம் வேறு. கப்டன் கட்டளையிட்டதும் பக்கத்தில் இருக்கிற இளம் அதிகாரி வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பொத்தானை அமுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மௌனத்துக்குப் பின்னால் கணக்குப் புத்தகமும் இருக்கிறது.

அப்படி ஓரத்தில் தொடங்கி மேலே வந்தவர் கோம் மீனி. 1987இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் கதையில் பெயரே இல்லாத ஒரு அதிகாரி. பிறகு ஆட்களைக் கப்பலிலிருந்து வேறிடத்துக்கு ஒரு நொடியில் அனுப்புகிற ட்ரான்ஸ்போர்ட்டர் அறையில் நிற்கிறவர். பிறகு ஓ'பிரையன் என்று ஒரு பெயர், பிறகு மனைவி, பிள்ளை. 1993இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடங்கியபோது நிரந்தரக் குழுவில் ஒருவர். எக்ஸ் ஃபைல்ஸ் என்ற தொடரில் வில்லியம் பி. டேவிஸ் இன்னொருவர். 1993இல் முதல் பகுதியில் அறையின் ஓரத்தில் நின்று சிகரெட் பிடித்ததோடு சரி. அவர் வான்கூவரில் நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர். பேசாமல் நிற்கும் ஒருவன் அந்த அறையிலேயே அதிகாரம் கூடியவன் என்று உடம்பால் காட்டத் தெரிந்தவர். தொடர் முழுவதற்கும் அவர்தான் வில்லனாக முடிந்தார்.

உப்புவெளி வாசகி:
நம் தெரிவுக்கு ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டாம். தொடக்க எழுத்தில் முகம் வராதவர் யாராக இருந்தாலும் சரி. கன்னியாத் தம்பி, கராக்கைச் சொன்ன நீங்களே ஒரு காட்சியை எழுதுங்களேன்.

கன்னியா மாணவன்:
'பாஸ்ட் ப்ரொலோக்', 1993. இளம் டொக்டர் பஷீர் தனியாக இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். கராக் வந்து, தான் ஒரு சாதாரண தையல்காரன் என்று அறிமுகமாகி, போகும்போது இரண்டு கையையும் அவருடைய தோளில் வைப்பார். பஷீர் விறைத்துப்போவார். அவ்வளவுதான். அந்த ஆள் ஒற்றன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சிரிப்பு முகத்தில் நின்றுவிடுகிறது, கண் மட்டும் எதிரில் இருக்கிறவரை அளந்துகொண்டே இருக்கிறது. ஏழு சீசன் பார்த்து முடித்த பிறகும் கராக் சொன்னதில் எது உண்மை என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. ஆண்ட்ரூ ரொபின்சன் பிறகு அந்தப் பாத்திரத்தின் வாழ்க்கையை வைத்து ஒரு நாவலே எழுதினார், 2000இல் வந்தது.

ஒப்பனை அறை:
நான் அரங்கேற்றங்களுக்கும் கல்யாணத்துக்கும் ஒப்பனை செய்கிறவள். நடிப்பைப் பற்றி நீங்கள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள், முகத்துக்கு மேல் இருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

கராக்கின் முகத்தில் நெற்றி, புருவம், கழுத்து எல்லாம் ரப்பர் நுரையில் வார்த்து ஒட்டியது. அந்தக் காலத்து ஸ்டார் ட்ரெக் தொடர்களின் ஒப்பனைக்குப் பொறுப்பாக இருந்தவர் மைக்கல் வெஸ்ட்மோர். ஓரம் தெரியாமல் ஒட்டி, நிறம் கொடுத்து முடிக்க மணிக்கணக்கில் ஆகும். மற்றவர்கள் எழும்ப முதல் இந்த நடிகர்கள் நாற்காலியில் இருக்கவேண்டும். வேலை முடிந்த பிறகும் கழற்ற நேரம் வேண்டும், இழுத்துக் கழற்றினால் தோல் போய்விடும்.

நம் சாதாரண ஒப்பனை முகத்தோடு சேர்ந்து அசையும். ஒட்டுகிற ரப்பர் அப்படியில்லை. புருவத்தைக் கொஞ்சம் தூக்கினால் மேலே ஒன்றுமே தெரியாது. அதிகம் தூக்கினால் ஓரம் பிரிந்துவிடும். அதனால் நடிகருக்கு மிஞ்சுவது கண், வாய், குரல், கழுத்தைத் திருப்புகிற வேகம். இந்த நாலையும் வைத்து ஒரு ஆளை உண்டாக்கவேண்டும். மேடையில் பழகியவர்கள் இதில் நிற்பார்கள், கமெரா முன்னால் சின்னச் சின்ன முகபாவத்தை நம்பியிருந்தவர்கள் தடுமாறுவார்கள். 'பாபிலோன் 5' தொடரில் ஜிகாராக வந்த ஆண்ட்ரியாஸ் கட்சூலஸ் நிரந்தரக் குழுவில் இருந்தவர், ஆகவே உங்கள் விதிக்குள் வரமாட்டார். ஆனால் அவரைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை. புள்ளிபோட்ட முழுத்தலை ஒப்பனை, சிவப்புக் கண்வில்லை. கண்ணையும் மூடிவிட்டார்கள் என்றால் என்ன மிச்சம்? குரல். அந்தக் குரலில் ஒரு நாட்டை இழந்தவனின் கோபம் முழுக்க வரும்.

இன்னொருவர் ஜெஃப்ரி கோம்ப்ஸ். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வோர்ட்டா இனத்து வேயூன், பெரெங்கி இனத்து ப்ரண்ட், இரண்டு பேரும் அவரே. 1999இல் 'த டோக்ஸ் ஒஃப் வோர்' என்ற ஒரே பகுதியில் இரண்டு பேரும் வருகிறார்கள். ஒப்பனை செய்கிறவள் நானே, தெரியாமல் பார்த்தால் ஒரே ஆள் என்று சொல்லமாட்டேன். வேயூனின் கைகள் எப்போதும் பணிவாக ஒன்றாயிருக்கும், ப்ரண்ட் ஆளை மோப்பம் பிடிக்கிறமாதிரி முன்னால் சாய்ந்தே நிற்பான்.

ரொறன்ரோ திருமலையான்:
அந்த வேயூன் 1996இல் வந்த முதல் பகுதியிலேயே செத்துப்போனவன். எழுதியவர்களுக்கு அவரை விட மனமில்லை. வோர்ட்டாக்கள் பிரதியெடுக்கப்படுகிறவர்கள் என்று கதையையே வளைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விஞ்ஞானக் கதையில் மட்டும் கிடைக்கிற வசதி இது. நடிகர் நன்றாகச் செய்துவிட்டால் சாவும் தடையில்லை.

தம்பலகாமத்தான்:
உப்புவெளித் தங்கச்சி சொன்னதோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். எல்லா விருந்தினரும் உலகத்தைக் கட்டுவதில்லை, சிலர் உடைக்கவும் செய்வார்கள். பிரபலமான முகம் ஒன்று திடீரென்று வந்தால் "அட, இவர்" என்றுதான் நினைக்கிறோம், பாத்திரம் போய்விடுகிறது.

நான் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். கூத்தில் அரசன் வரவுக்கு முதல் கட்டியகாரன் வந்து, நாடு இது, கொலு இது, வருகிறவர் இன்னார் என்று சொல்லி ஆடிவிட்டுப் போவான். அவனுக்குக் கதையில் பெரிய பங்கு கிடையாது. ஆனால் அவன் சரியாக ஆடினால் வெறும் களரி சபாமண்டபம் ஆகிவிடும். நல்ல விருந்தினர் நடிகர் செய்வது அந்த வேலை. பிரபலத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது வேறு வேலை. 1993இல் ஸ்டீபன் ஹோக்கிங் 'நெக்ஸ்ட் ஜெனரேஷனில்' ஹோக்கிங்காகவே வந்து நியூட்டனோடும் ஐன்ஸ்டீனோடும் சீட்டு விளையாடுகிறார். பார்க்கச் சந்தோஷம்தான், அதை நடிப்பென்று எடுக்கமாட்டேன். அதே மேசையில் நியூட்டனாக இருக்கிற ஜோன் நெவிலைப் பாருங்கள். மேடையில் பெரிய பெயர் எடுத்தவர், எக்ஸ் ஃபைல்ஸிலும் பிறகு முக்கியமான ஆளாக வந்தவர். ஒரு சின்னச் சிடுசிடுப்பில் நியூட்டனைக் கொடுத்துவிடுகிறார்.

என் பரிந்துரை பீட்டர் பொய்ல். எக்ஸ் ஃபைல்ஸ், 1995, க்ளைட் ப்ரக்மன் என்ற காப்புறுதி விற்பனையாளர். ஒவ்வொருவரும் எப்படிச் சாவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதைப் பெரிய சக்தியாக அவர் காட்டவே இல்லை, தீராத முதுகுவலி உள்ளவர் மாதிரிக் கொண்டுதிரிகிறார். ஒரு இளம் தம்பதிக்குக் காப்புறுதி விற்கப்போய், அந்த மனிதன் எப்படிச் சாவான் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிற காட்சி இருக்கிறது. குரல் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. அதற்கு அவருக்கு 1996 எமி விருது கிடைத்தது. எழுதிய டேரின் மோர்கனுக்கும் கிடைத்தது. அந்த மோர்கன் அதற்கு முதல் அதே தொடரில் புழுமனிதன் வேஷத்தில் முழு உடம்பும் ரப்பர் போட்டு நடித்தவர் என்பதை ஒப்பனை அறை கவனிக்க.

துறைமுகத்தான்:
பிரபலம் பற்றித் தம்பலகாமத்தான் சொன்னதை முழுதாக ஏற்கமாட்டேன். பேர்னார்ட் க்ரிபின்ஸ் பிரிட்டனில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த முகம். காலத்தில் பயணம் செய்கிற 'டொக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியின் கதையான 'டொக்டர் ஹூ' தொடரின் 2007 கிறிஸ்மஸ் பகுதியில் பத்திரிகை விற்கிற கிழவராக ஒரு சின்னக் காட்சியில் வந்தார். அதோடு முடிந்திருக்கவேண்டியது. அடுத்த சீசனில் டொக்டரோடு பயணம் செய்கிற டொனாவின் தகப்பனாக நடிக்கவேண்டிய ஹோவர்ட் அட்ஃபீல்ட் படப்பிடிப்புத் தொடங்கிய கையோடு காலமாகிவிட்டார். அந்த இடத்துக்குத் தாத்தா ஒருவரைக் கொண்டுவர முடிவெடுத்து, பத்திரிகைக் கிழவரையே டொனாவின் தாத்தா ஆக்கினார்கள். வில்ஃப்ரெட் மொட் அப்படித்தான் பிறந்தார்.

2008இல் வந்த 'டேர்ன் லெஃப்ட்' பகுதியைப் போடுங்கள். டொக்டர் இல்லாமல் போன பிரித்தானியா. லண்டன் அழிந்து, ஜனங்களை வேறு ஊர்களில் ஒரே வீட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். அதே வீட்டில் ரொக்கோ என்ற இத்தாலியர், ஜோசப் லோங் நடித்தது. எப்போதும் பாட்டும் சிரிப்புமாக இருக்கிறவர். ஒருநாள் வெளிநாட்டவர்களை லொறியில் ஏற்றுகிறார்கள், வேலை முகாமுக்காம். ரொக்கோ சிரித்துக்கொண்டே விடைபெறுகிறார். டொனாவுக்கு விளங்கவில்லை. வில்ஃப் பழைய போர்வீரர், அவருக்கு விளங்கிவிட்டது. போன தடவையும் இதைத்தான் சொன்னார்கள் என்று உடைந்து சொல்லுவார். இரண்டு கிழவர்களும் ஒருவருக்கொருவர் சல்யூட் அடிப்பார்கள். வேற்றுக்கிரக மிருகம் எதுவும் இல்லை, செலவு ஒரு லொறி. அந்தத் தொடரில் இதைவிடப் பயங்கரமான காட்சியை நான் பார்க்கவில்லை. க்ரிபின்ஸ் தெரிந்த முகம் என்பது எனக்கு அங்கே நினைவுக்கே வரவில்லை.

மூதூர்க்கரை:
டொக்டர் ஹூவில் இன்னும் ஒன்று இருக்கிறது, 'டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்', 2018. வினய் பட்டேல் எழுதியது. டொக்டரோடு பயணம் செய்கிற யாஸ் தன் பாட்டியின் இளமைக்காலத்தைப் பார்க்க, இந்தியா பிரிந்த 1947 ஓகஸ்டுக்குப் போகிறாள். பாட்டி உம்ப்ரீன் முஸ்லிம், கட்டப்போகிற ப்ரேம் இந்து. இளம் உம்ப்ரீனாக அமிதா சுமன், ப்ரேமாக ஷேன் சாசா, முதுமையில் லீனா டிங்ரா. மூவருமே இந்த வேஷங்களில் அந்த ஒரு பகுதிக்கு வந்தவர்கள். படமெடுத்தது ஸ்பெயினில், ஆனால் இவர்கள் நிற்கிறபோது அது பஞ்சாப் இல்லை என்று தோன்றவே இல்லை.

ப்ரேம் போரில் தப்பி வந்த சிப்பாய். கடைசியில் துப்பாக்கியோடு வருகிற கும்பலில் அவனுடைய சொந்தத் தம்பி நிற்கிறான். ஷேன் சாசா அங்கே வீரம் காட்டுவதில்லை. தம்பியோடு வீட்டு முற்றத்தில் கதைக்கிறமாதிரித்தான் கதைக்கிறார். பேசினால் கேட்பான் என்று கடைசி நொடி வரை நம்புகிற ஒரு அண்ணன். டொக்டருக்கு அதில் கைவைக்க அனுமதி இல்லை, திரும்பி நடக்கவேண்டும். சுடும் சத்தம் மட்டும் கேட்கும்.

அதில் வருகிற வேற்றுக்கிரகவாசிகள் கொல்ல வந்தவர்கள் இல்லை. யாரும் பக்கத்தில் இல்லாமல் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகிற நம் ஊரில் இதைப் போடாமல் வேறெங்கே போடுவது?

கன்னியா மாணவன்:
நம் முகங்கள் பற்றிய பேச்சு வந்ததால்: 'ஹீரோஸ்' தொடரின் முதல் பகுதியிலேயே சென்னைப் பேராசிரியர் ஒருவர் வருகிறார், செந்தில் ராமமூர்த்தி. அவர் நிரந்தரக் குழு. அவருடைய தகப்பனாக எரிக் அவாரி விருந்தினர். அவாரி 'ஸ்டார்கேட்' படத்தில் செய்த கஸூஃப் பாத்திரத்தைத் தொடரிலும் வந்து செய்தவர். இந்திரா வர்மாவையும் சொல்லவேண்டும். 2006இல் 'டோர்ச்வூட்' தொடங்கியபோது குழுவில் ஒருவர் என்று எல்லோரும் நம்பியிருக்க, முதல் பகுதி முடிய முதல் பாத்திரம் செத்துவிடுகிறது.

உப்புவெளி வாசகி:
நான் மனதில் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். 'த விசிட்டர்', 'டீப் ஸ்பேஸ் நைன்', 1995. டொனி டொட். அதே வருடங்களில் க்ளிங்கன் வோர்ஃபின் தம்பியாகவும் வந்தவர், 2024 நவம்பரில் காலமானார்.

இதில் அவர் வளர்ந்த ஜேக் சிஸ்கோ, அதாவது தொடரின் கதாநாயகன் சிஸ்கோவின் மகன். பதின்ம வயதில் ஒரு விபத்தில் தகப்பன் கண்முன்னால் மறைந்துபோகிறார். இறந்தாரா இல்லையா தெரியாது. பிறகு சில வருடத்துக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும் தோன்றுவார், போன அன்றைக்கு இருந்த அதே வயதில். மகனுக்கு வயது போய்க்கொண்டே இருக்கிறது. எழுத்தை விட்டு, மனைவியை இழந்து, வாழ்க்கை முழுவதையும் தகப்பனைத் திருப்பி எடுக்கிற ஆராய்ச்சியில் விடுகிறான்.

டொட் நடுவயது ஜேக்கையும் கிழவன் ஜேக்கையும் செய்கிறார். மழை இரவில் கதவைத் தட்டி வந்த ஒரு இளம் பெண்ணுக்குக் கிழவன் கதை சொல்கிறான். அந்தப் பெண்ணாக வருகிறவர் கராக் ஆண்ட்ரூ ரொபின்சனின் மகள் ரேச்சல் ரொபின்சன். டொட் பெரிய உடம்புக்காரர், கனத்த குரல். அந்த உடம்பைக் கதிரைக்குள் சுருக்கி வைத்திருப்பார். எழும்பும்போது கையை ஊன்றி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் எழும்புவார். கடைசியாகத் தகப்பன் தோன்றும்போது அந்தக் கிழவனின் முகம் பதினெட்டு வயதுப் பையனின் முகமாக மாறும். ஒப்பனை முழுக்கக் கிழவன், பார்வை மட்டும் பிள்ளை. தகப்பனாக நிற்கிற ஏவரி ப்ரூக்ஸைவிட வயது கூடியவராகத் தெரிகிற ஒருவர் அவருடைய மகன் என்பதில் ஒரு நொடிகூட நமக்குத் தயக்கம் வராது.

ஒப்பனை அறை:
தங்கச்சி, அந்தப் பகுதியை நானும் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு இரவு முழுக்க நித்திரை இல்லை. ஆனால் மண்டபத்தில் போடுவது பற்றி யோசியுங்கள். வருகிறவர்களில் வீட்டில் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் உண்டு. போன ஆள் வருவாரா, வரமாட்டாரா என்று தெரியாமல் படத்துக்கு முன்னால் விளக்கு வைப்பதா இல்லையா என்று முடிவெடுக்கமுடியாமல் இருக்கிறவர்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை.

மூதூர்க்கரை:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் பரிந்துரைக்கும் அது பொருந்தும்.

துறைமுகத்தான்:
நான் வேறுமாதிரி நினைக்கிறேன் பிள்ளைகள். எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. 'த விசிட்டர்' பார்த்த அன்றைக்கு என் தங்கை முதல்முறையாக அவரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தாள். ஜேக் தகப்பனைத் தேடுவதை அந்தக் கதை பிழை என்று சொல்லவில்லை. உன் வாழ்க்கையையும் வாழு என்று தகப்பன் கெஞ்சுகிறார், மகன் கேட்கவில்லை, அந்த இரண்டு பேரின் நியாயத்தையும் டொட் ஒரே முகத்தில் வைத்திருக்கிறார். போடுங்கள். ஆனால் என்ன கதை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள், விரும்பாதவர்கள் வெளியே தேநீர் குடிக்கட்டும்.

தம்பலகாமத்தான்:
அண்ணை சொன்னபடி செய்யலாம். கடைசியாகப் போடாமல் நடுவில் போடுங்கள். அதைப் பார்த்த கனத்தோடு ஆட்களை வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

ஒப்பனை அறை:
அப்படியென்றால் எனக்கும் சம்மதம். அறிவிப்பை நானே செய்கிறேன், தெரிந்த குடும்பங்களுக்கு முதல்நாளே போனில் சொல்லிவிடுகிறேன்.

உப்புவெளி வாசகி:
நன்றி அக்கா. சரி, வரிசை இப்படி: 3.15க்கு 'பலன்ஸ் ஒஃப் டெரர்'. அதன்பிறகு பீட்டர் பொய்லின் எக்ஸ் ஃபைல்ஸ். அறிவிப்புக்குப் பிறகு 'த விசிட்டர்', உடனே அரைமணி இடைவேளை. பிறகு 'டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்'. முடிவுக்கு 'டேர்ன் லெஃப்ட்', அதுவும் கனமானதுதான், ஆனால் கடைசியில் கதை நிமிர்கிறது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நாலு மணித்தியாலம், இடைவேளையோடு 8க்குள் முடியும். ஒவ்வொன்றுக்கும் முதல் நடிகரின் பெயரையும் அவர் செய்த வேறு பாத்திரங்களையும் திரையில் பெரிதாகப் போடுவோம். தொடரின் பெயர் கீழே சின்னதாக வரட்டும்.

ரொறன்ரோ திருமலையான்:
'சாரெக்' போய்விட்டது, பரவாயில்லை. ஆனால் ஒரு ஆளை நீங்கள் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நிக்கலஸ் கோட்னி. 1965இல் டொக்டர் ஹூவில் வேறொரு பாத்திரம். 1968இல் 'த வெப் ஒஃப் ஃபியர்' கதையில் அவருக்குக் கொடுத்தது கப்டன் நைட் என்ற சின்ன வேஷம். கர்னலாக நடிக்க இருந்தவர் விலகியதும் இயக்குநர் டக்ளஸ் கம்ஃபீல்ட் இவரை அதற்கு ஏற்றினார். அந்தக் கர்னல்தான் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டுவர்ட். புதுப் புது நடிகர்கள் வர டொக்டர் முகம் மாறிக்கொண்டே போனார், பிரிகேடியர் அதே மீசையோடு இருபது வருடத்துக்கு மேல் வந்து போனார். 2011 பெப்ரவரியில் கோட்னி காலமானார். அதே வருடம் ஒக்டோபரில் வந்த பகுதியில் டொக்டர் பிரிகேடியருக்குப் போன் எடுக்கிறார், மறுபக்கத்தில் தாதி ஒருவர் அவர் போய்விட்டார் என்கிறார். எப்போதாவது நீங்கள் வருவீர்கள் என்று உங்களுக்கும் ஒரு கிளாஸ் பிராண்டி ஊற்றி வைக்கச் சொல்லுவார் என்கிறார். சாவுக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்த டொக்டர் ஓட்டத்தை நிறுத்துவது அந்தப் போனுக்குப் பிறகுதான். ஒரு துணை நடிகரின் மறைவு கதாநாயகனின் முடிவையே மாற்றுகிறது.

உப்புவெளி வாசகி:
அண்ணா, இதை மறக்கவில்லை, அவரை ஒரு பகுதிக்குள் அடக்கமுடியாது என்பதால்தான் விட்டேன். அடுத்த போயாவுக்கு கோட்னியும் கோம்ப்ஸும். கோட்னி அறிமுகத்தை நீங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள், மண்டபத்தில் போடுகிறேன். கோம்ப்ஸுக்கு ஒப்பனை அறை அக்கா.

ஒப்பனை அறை:
செய்கிறேன். பழைய நுரைத் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, கன்னியாத் தம்பியின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் பேசவைப்போம். புருவம் எவ்வளவு பாரமாக இருக்கும் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

கன்னியா மாணவன்:
நான் தயார் அக்கா. எத்தனை மணிக்கு வரவேண்டும்?

ஒப்பனை அறை:
பன்னிரண்டு மணிக்கு வந்தால்தான் மூன்றுக்கு முடியும். சாப்பிட்டுவிட்டு வா, ஒட்டிய பிறகு வாயை அகலத் திறக்கமுடியாது.